கேட்காத காய்

மச்சான்,

கூடை வந்திருக்கிறது. நிறைந்து வந்திருக்கிறது. அடுப்படி வாசலில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறது. மேலே உன் சிவப்புக் கட்டம் போட்ட குவைத் துண்டு. துண்டின் ஓரம் வழியாகக் கொத்தமல்லி வாசம் வந்துகொண்டே இருக்கிறது, கூடவே கொஞ்சம் ஈரமண் வாசமும். இரண்டு தடவை அதைச் சுற்றி வந்துவிட்டேன். இன்னும் திறக்கவில்லை.

செல்வி சிதம்பரத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். அவள் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேற்றே போனவள். இன்று காலை போன் செய்து, கூடை நிறைந்து வந்திருக்கிறது என்று சொன்னேன். "நான் வர்றவரைக்கும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். பந்தி போடுவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டாளாம். அக்காவுக்குக் கோபமாம். வடை பாயசத்தை விட்டுவிட்டு யாராவது கத்திரிக்காய் பார்க்க ஓடுவார்களா என்று கேட்டாளாம். கூடையை வீட்டுக்காரிதான் திறக்க வேண்டும் என்பது நம் இரண்டு வீட்டுச் சட்டம், உனக்குத் தெரியாததா? அதனால்தான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையைச் சும்மா வைத்திருந்தால் அது துண்டைத் தூக்கிப் பார்த்துவிடும்.

யார் வாங்கியது என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. பாதிக்கு மேல் உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேள்.

திருப்பாப்புலியூரில் உன் செருப்புக்கடையும் என் மோட்டார் ரீவைண்டிங் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். குவைத்திலிருந்து திரும்பி வந்து நீ கடை போட்ட நாளிலிருந்து, நான் செம்புக் கம்பி சுற்ற ஆரம்பித்தால் போதும், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிடுவாய். உன் மனைவி ஷமீமா என்னை அண்ணே என்று கூப்பிட்டாள், நான் தங்கச்சி என்றேன், நீ எனக்கு மச்சான் ஆகிவிட்டாய். செல்விக்கு நீ பாய் அண்ணன். யாரும் உட்கார்ந்து பேசி முடிக்காமலே உறவுமுறை தானாக அமைந்துவிட்டது.

ஞாயிறு காலை இரண்டு பேரும் உழவர் சந்தைக்குப் போவோம். ஷமீமா நீலமும் வெள்ளையுமாக ஒயர் வாங்கி, ஒரே அச்சில் இரண்டு கூடை பின்னி, ஒன்றைச் செல்விக்குக் கொடுத்திருந்தாள். அதில்தான் வந்தது வினை. ஒரு ஞாயிறு சந்தை வாசல் டீக்கடை பெஞ்சில் கூடைகளை வைத்துவிட்டு நீ குவைத் கதை ஏதோ அளந்தாய். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எழுந்து போகும்போது உன் கூடையை நான் தூக்கிக்கொண்டு போனேன், என் கூடையை நீ.

கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்கிப் போவது வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அப்புறம் எனக்கு உயிரான பாகற்காய். வாரம் தவறாது. அன்று செல்வி கூடையைக் கவிழ்த்தபோது தரையில் விழுந்தது புதினாக்கட்டு, பிஞ்சுச் சுரைக்காய், சேப்பங்கிழங்கு, வாழைப்பூ. கண்ணைத் திறந்து வாங்கியிருக்கிறீர்களே என்று அவள் ஆச்சரியப்பட்டபோதுதான் கூடை மாறிய விஷயம் எனக்கே உறைத்தது. கொஞ்ச நேரத்தில் உன் போன். உன் வீட்டிலும் அதே கூத்து. முட்டைக்கோஸ் வாடையே உனக்கு ஆகாது என்பதால் ஷமீமா வருடக்கணக்காக அதைக் கண்ணால் பார்க்கவில்லையாம். இப்போது கையில் வைத்துக்கொண்டு கொஞ்சுகிறாள் என்றாய். அத்தனை காலமும் நாம் இரண்டு பேரும் அவரவர் நாக்குக்கு வாங்கிப் போட்டு, இரண்டு பெண்களைச் சமைக்க வைத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது, போன வாரம் மாதிரியே மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று செல்வி வாசலில் நின்று சொன்னாள். உன் வீட்டிலும் அதே உத்தரவு. அன்றிலிருந்து என் வீட்டுக்கு நீ வாங்கினாய், உன் வீட்டுக்கு நான். காசுப் பேச்சு நமக்குள் எழவே இல்லை. இரண்டு கூடையும் ஏறக்குறைய ஒரே கனம் இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் மச்சான், வேறொரு வீட்டுக்கு என்றதும் நம் கைக்கு ஒரு பயம் வந்துவிட்டது. நம் வீட்டுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுவோம். ஷமீமா பிரித்துப் பார்ப்பாளே என்று நினைத்ததும் நான் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்தேன். "என்னா மச்சான், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குற" என்று நீ கிண்டல் செய்வாய். கிண்டல் செய்யும் ஆள் அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கட்டுக் கீரைக்காக நான்கு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாய்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஷமீமா எனக்குப் போன் செய்வாள், செல்வி உனக்கு. என் வீட்டில் என்ன தீர்ந்துபோயிற்று என்பது எனக்குத் தெரியாது. உன்னைத்தான் கேட்க வேண்டும். நீயும் சொல்ல மாட்டாய். துண்டைப் போர்த்திவிடுவாய். அந்த ரகசியம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? நாற்பதைத் தாண்டிய மனுஷன், இன்றைக்குக் கூடையில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்து வருவேன்.

அந்தக் கேட்காத காய் விஷயமும் நீ ஆரம்பித்து வைத்ததுதான். ஒரு வாரம் செல்வி கேட்டதெல்லாம் இருந்தது, அதற்கு மேல் ஒரு பிடி சுண்டைக்காயும் இருந்தது. யார் கேட்டது என்று உன்னிடம் கேட்டேன். "கேட்டத மட்டும் வாங்கினா அது ஆர்டரு மச்சான். கேக்காதது ஒன்னு இருந்தாத்தான் கூடை" என்றாய். அவ்வளவுதான், அதுவும் சட்டமாகிவிட்டது. ஒரு வாரம் பிரண்டை, ஒரு வாரம் பலாமூசு, ஒரு வாரம் பெண்ணாடம் பக்கத்து ஆள் கொண்டுவந்த வெல்லம். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அங்கிருந்து எலந்தைப் பழம் வாங்கி வந்து கூடையில் மறைத்து வைத்தாய். செல்வி கேட்ட காயையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் தேடுவாள்.

போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தேன். புதுச்சத்திரம் தாண்டிவிட்டாளாம். "தொட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

செல்வியின் கத்திரிக்காய்க்கு நீ பயந்தது மாதிரி நான் எதற்கும் பயந்ததில்லை. சிதம்பரத்துப் பெண், கொத்சு என்றால் அவளுக்கு மானப் பிரச்சினை. கத்திரிக்காய் சின்னதாக இருக்க வேண்டும், விதை வந்திருக்கக் கூடாது, காம்பு முள் குத்த வேண்டும். ஒரு மழைக்காலம் கடலூர் பக்கம் தோட்டமெல்லாம் தண்ணீர் நின்று, சந்தைக்கு வந்த கத்திரிக்காய் எல்லாம் சொத்தை. நாம் என்ன செய்வது என்று நான் வெண்டைக்காய்க்குப் போய்விட்டேன். நீ ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் உழவர் சந்தைக்கே போய்விட்டாய். மத்தியானம் தொப்பலாக நனைந்து வந்து என் வாசலில் நின்றாய். ரெயின்கோட் கத்திரிக்காய் மேல் இருந்தது. செல்வி உனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தாள்.

இவ்வளவு செய்த உன்னிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பாகற்காய். கூடை மாறிய நாளிலிருந்து என் வீட்டுக்குப் பாகற்காய் வரவே இல்லை. நானும் வெட்கத்தை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். கண்ணெதிரே குவிந்து கிடக்கும். குட்டிக் குட்டியாக, பச்சைப்பசேலென்று. நீ ஒன்றைக் கையில் எடுத்து, வைத்தியர் நாடி பார்ப்பது போல அழுத்திப் பார்த்து, "முத்தல் மச்சான், வேணாம்" என்பாய். ஒவ்வொரு வாரமும் முத்தல். எங்கிருந்துதான் உனக்கு அத்தனை முத்தல் கிடைத்ததோ. நானும் லேசுப்பட்டவனா? உன் வீட்டுக் கூடையில் நான் பாகற்காய் வைத்துவிடுவேன். திங்கட்கிழமை மத்தியானம் உன் சாப்பாட்டு கேரியரில் அது மொறுமொறுவென்று வறுவலாக வரும். நீ ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளாமல் என் தட்டில் தள்ளுவாய். நீ வாங்கித் தராவிட்டால் என்ன, நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். கடையைத் திறந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தவன், உட்கார்ந்தாய், நெஞ்சைப் பிடித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை, அதுவும் இன்றைக்கு.

நீ போன முதல் ஞாயிறு விடிந்ததும் கால் தானாகச் சந்தைக்குப் போயிற்று. கூடை கையில் இருந்தது. ஷமீமா இத்தாவில் இருந்தாள். நான்கு மாதத்துக்கும் மேல் வெளியே வரக்கூடாது, வெளி ஆளிடம் பேச்சும் கிடையாது. போன் வராது. அதனால் என் மனசுக்குத் தோன்றியதை வாங்கினேன். எல்லாமே கேட்காத காய்தான். உன் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். உன் மாமியார் கதவை ஒருக்களித்துத் திறந்து கூடையை வாங்கிக்கொண்டு, போன வாரத்துக் காலிக் கூடையைக் கொடுத்தார். அப்படியே வாராவாரம். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கென்று கொத்தமல்லியும் புதினாவும் இஞ்சியும் கொஞ்சம் ஜாஸ்தியாக வைத்தேன். பாகற்காயும் வைத்தேன், கைப்பழக்கம்.

என் வீட்டுக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை. செல்வி தெருவில் வரும் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிறைந்த கூடையோடு உன் வீட்டுக்குப் போவேன், காலிக் கூடையோடு என் வீட்டுக்கு வருவேன். அந்தக் காலிக் கூடை கனத்த கனம் எந்தக் கூடையும் கனத்ததில்லை.

இத்தா முடிந்து, பெருநாளும் போயிற்று. நேற்று சாயங்காலம் ஷமீமாவிடமிருந்து போன். எத்தனை மாதம் கழித்து அந்தக் குரல். நலம் விசாரித்தாள். அப்புறம், "அண்ணே, நாளைக்கு நீங்க எங்களுக்கு வாங்க வேணாம். நான் சந்தைக்கு வர்றேன்" என்றாள். சரி தங்கச்சி என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் புரிந்தது. இனிமேல் அவளே வாங்கிக்கொள்ளப் போகிறாள். நியாயம்தானே? ஒரு மனுஷன் வாராவாரம் வந்து வாசலில் கூடை வைத்துவிட்டுப் போனால் அவளுக்கும் சங்கடமாக இருக்காதா? சிதம்பரத்தில் இருந்த செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளும் அதையேதான் சொன்னாள், வற்புறுத்தாதீர்கள், விட்டுவிடுங்கள் என்று. சொல்லும்போது அவள் குரல் சரியில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது மச்சான், எனக்கு ஒரே பயம். உன் கடையில் இப்போது வேறு ஆள் செல்போன் கவர் விற்கிறான். ஸ்டூலையும் எடுத்துப் போய்விட்டார்கள். உனக்கும் எனக்கும் நடுவே மிச்சம் இருந்தது இந்தக் கூடை ஒன்றுதான். இதுவும் நின்றுபோனால் நீ நிஜமாகவே போய்விடுவாய்.

இன்று விடிந்தும் விடியாமலும் சந்தை வாசலில் நின்றேன். வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம் என்றுதான் போனேன். சத்தியமாக. ஆனால் பங்குனி மாதத்துச் சந்தை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். விலைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் முட்டுகிறது. மூட்டை பிரிக்கிற இடமெல்லாம் வாசம். பண்ருட்டிப் பலா ஒன்றை அறுத்துச் சுளையை எடுத்து அடுக்குகிறார்கள், தேன் மாதிரி ஒழுகுகிறது. முருங்கைக்காய் ஆள் உயரம். வெள்ளரிப்பிஞ்சு ஒரு பக்கம், மாவடு ஒரு பக்கம், தராசுத் தட்டின் சத்தம், காசு வந்தது என்று கத்துகிற போன் டப்பாக்களின் சத்தம். வருஷக்கணக்கில் சந்தையையே பார்க்காத ஆள் மாதிரி எனக்குப் பரபரவென்று வந்துவிட்டது. கை அரித்தது. முதலில் ஒரு கட்டுச் சிறுகீரை. சரி, கீரைதானே. அப்புறம் முட்டைக்கோஸ், சின்னதாக, இறுக்கமாக. ஷமீமாவுக்குப் பிடிக்குமே. அப்புறம் பாகற்காய். அதற்கப்புறம் நான் நிறுத்தவே இல்லை.

நடுவீரப்பட்டு அக்காவை நினைவிருக்கிறதா? மூலையில் உட்கார்ந்து முந்திரி விற்குமே, அதுதான். இந்த வருஷத்துப் பச்சை முந்திரி இன்றைக்குத்தான் முதலாவதாகக் கொண்டுவந்திருந்தது. ஓட்டைப் பிளந்து பிளந்து விரல் நுனியெல்லாம் பால் பட்டு உரிந்திருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர். தட்டில் இருந்ததோ கொஞ்சம். இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு அந்த இரண்டு பேரின் தோள் நடுவே தலையை நுழைத்து, "அக்கா, எனக்கு" என்று கத்தினேன். அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

"இதே கூடைய எடுத்துக்கிட்டு ஒரு பாய் வீட்டம்மா இப்பத்தான் வந்துட்டுப் போச்சு. கத்திரிக்காய்க்கு என்னா கேள்வி கேட்டுச்சு தெரியுமா? நம்ம பாய் மாதிரியே" என்றது.

எனக்கு எதுவும் ஓடவில்லை. கத்திரிக்காய் உன் வீட்டில் அதிகம் செலவாகாதே, இவள் ஏன் அதற்கு இத்தனை கேள்வி கேட்கிறாள்? முந்திரியை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். வாசலுக்கு வந்து டீக்கடையைப் பார்த்தேன். நம் பெஞ்ச். அதன் மேல் நீலமும் வெள்ளையுமாக ஒயர் கூடை. அதன் மேல் உன் சிவப்புக் கட்டத் துண்டு.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நீ டீ வாங்க உள்ளே போயிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன் மச்சான். அந்த ஒரு நொடி நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பெஞ்சுக்குப் பின்னால் கறுப்பு புர்காவில் ஷமீமா நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்தச் சந்தைக்குள் கால் வைத்ததே இன்றுதான். முகம் இளைத்திருந்தது. என் கையில் நிறைந்திருந்த கூடையைப் பார்த்தாள்.

"வாங்க வேணாம்னு சொன்னேனேண்ணே."

"கை கேக்கல தங்கச்சி."

சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. பெஞ்சில் இருந்த கூடையை என் பக்கமாக நகர்த்தினாள். "இது உங்க வீட்டுக்கு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். "நாலு மாசமா நீங்க நெறஞ்ச கூடையோட வர்றீங்க, காலிக் கூடையோட போறீங்க. உள்ள ஜன்னல் பக்கத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவுங்க இருந்தா விட்டிருப்பாங்களா?"

டீக்காரர் நம் இரண்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். நான்தான் வாயைத் திறந்து, என் பயத்தைக் கேட்டுவிட்டேன். "அப்ப இனிமே உங்க வீட்டுக்கு நான் வாங்க வேணாமா?"

"அத எப்பண்ணே சொன்னேன்? இன்னைக்கு ஒரு நாளு நான் முந்திக்கலாம்னு பாத்தேன். வர்ற சனிக்கிழமையிலேருந்து நான் உங்களுக்கு போன் பண்றேன், செல்வி எனக்கு பண்ணட்டும். ஆனா கேட்டதோட நிறுத்திடாதீங்கண்ணே. கேட்டத யாரு வேணாலும் வாங்கியாந்து குடுப்பாங்க. எனக்கு கேக்காத காய் வேணும்."

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கம் திரும்பினால் சந்தை வாசலில் வைத்து அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அவளே பேச்சை மாற்றினாள். என் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் பாவக்காய் போட்டிருக்கீங்களா?" என்றாள். ஏன், உங்களுக்குப் பிடிக்குமே என்றேன். அவள் புர்கா முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் வீட்டில் ஒருத்தரும் பாகற்காயைத் தொடமாட்டார்களாம். அத்தனை வருஷமும் நான் வைத்த பாகற்காயை எனக்கென்றே வறுத்துக் கேரியரில் வைத்து அனுப்பினாளாம். சொல்லக்கூடாது, சொன்னால் மச்சான் வைப்பதை நிறுத்திவிடுவான் என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம்.

எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. அப்படியென்றால் கேரியரும் இல்லாத இந்த நாலு மாதம் நான் வைத்ததெல்லாம் என்ன ஆயிற்று? "வீட்ல போயி கூடையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, என் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

போன் மறுபடி. முதுநகர் வந்துவிட்டாளாம். இனி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஆட்டோ. மச்சான், பேனாவை வைக்கிறேன். வாசலில் போய் நிற்கிறேன்.

*

திறந்தாச்சு.

செல்வி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. பட்டுப்புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் துண்டை எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கூடையைக் கவிழ்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்தாள். கொத்தமல்லி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை. கத்திரிக்காயை எடுத்ததும் முகம் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற டீச்சர் முகமாகிவிட்டது. அமுக்கினாள், காம்பில் விரல் வைத்துப் பார்த்தாள், ஒன்றை அங்கேயே கிள்ளிப் பார்த்தாள். விதை இல்லை. "பாய் அண்ணன் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் எடுத்த பிறகு அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. மூடி திறக்கவில்லை, நான் திறந்தேன். உள்ளே வாய் வரைக்கும் பாகற்காய் வற்றல். வட்டம் வட்டமாக நறுக்கி, மோரும் உப்பும் போட்டு ஊறவைத்துக் காயவைத்தது. நாலு மாதமாக வாசலில் நான் வைத்த பாகற்காய் ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. இத்தாவில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு ஞாயிறும் அழுதுகொண்டோ அழாமலோ, அதை நறுக்கியிருக்கிறாள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, இது ஒரு வருஷத்துக்கு வருமே" என்றாள்.

அவள் சொன்ன தோரணை எனக்கு விசித்திரமாக இருந்தது. என்ன விஷயம் என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டேன். உன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அது அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாக வந்து நின்றது. அப்புறம்தான் சொன்னாள். பாகற்காய் வாடை அடுப்படியில் வந்தாலே அவளுக்குக் குமட்டுமாம். கல்யாணமான புதிதில் சொல்லக் கூச்சப்பட்டு, அப்புறம் சொல்லவே முடியாமல் போயிற்றாம். கூடை மாறி வந்த அந்த முதல் ஞாயிறு, கவிழ்த்துப் பார்த்தால் பாகற்காய் இல்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாளாம், இனிமேல் இந்த வீட்டுக்குப் பாய் அண்ணன்தான் வாங்க வேண்டும் என்று. உனக்குச் செய்த முதல் போனே அதற்குத்தானாம். "என்னா வேணா வாங்குங்கண்ணே, பாவக்காய் மட்டும் வேணாம். அவருக்குத் தெரியவும் வேணாம்."

என் பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்குக்காக என்னிடம் முத்தல் என்றாய். என் நாக்குக்காக உன் வீட்டில் ஒருத்தரும் தின்னாத காயை வறுக்க வைத்துச் சுமந்து வந்தாய். ஷமீமாவிடம் ஒரு சத்தியம், செல்விக்கு ஒரு வாக்கு, எனக்கு ஒரு பொய். அத்தனையையும் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து குவைத் கதை அளந்திருக்கிறாய். திருட்டுப் பயல் மச்சான் நீ. எனக்கு இப்போது உன்னைக் கட்டிப்பிடித்து நாலு அடி அடிக்க வேண்டும்.

மத்தியானம் கொத்சு. செல்வி அவளாகவே ஒரு பிடி வற்றலையும் எண்ணெயில் போட்டாள், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு. உன் கேரியரில் வந்த அதே கைப்பக்குவம். நான் சாப்பிட்ட சத்தத்துக்கு அவள் எட்ட நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கூடையைக் கழுவி ஆணியில் மாட்டியிருக்கிறேன். வருகிற ஞாயிறுக்கு அதைத்தான் எடுத்துப் போக வேண்டும். செல்வி இப்போது கொல்லைப்பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறாள். கத்திரிக்காயைப் புகழ்ந்தாள், வற்றலுக்கு நன்றி சொன்னாள், அழுதாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒன்னே ஒன்னு மட்டும் ஷமீமா" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து உள்ளே வந்துவிட்டேன். மிச்சத்தை நான் கேட்கக் கூடாது இல்லையா?

அடுத்த ஞாயிறு பாகற்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று, ஷமீமாவிடம் வாங்கச் சொல்லிக் கேட்பேன். அவளும் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, முத்தல்ணே என்பாள். உன்னை நம்பியது மாதிரியே அவளையும் நம்பிவிடுவேன், மச்சான்.